விளக்கேந்திய வணிக மாளிகை

பிற மாநிலங்களில் குடியேறிய நாம் விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது, பிள்ளைகளைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வதுண்டு. வாள்களையும் நாணயங்களையும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். அவற்றைத் தன்னுள் வைத்திருக்கும் கட்டடத்தின் வரலாற்றை நாம் கேட்பதில்லை.

அக்கட்டடம் 1795ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. பீரங்கிகளும் சிப்பாய்களும் சூழ்ந்த கோட்டைக்குள் எழுந்ததாயினும், அது வணிகர்களுக்கென அமைந்த மாளிகை. மாடியிலிருந்த பெருங்கூடத்தை 'எக்ஸ்சேஞ்சு' என்றழைத்தனர். வணிகர்கள் அங்கே கூடினர். மெட்ராஸ் வங்கியின் அலுவலகமும் அதே கட்டடத்தில் இயங்கியது. பொதுக்கூட்டங்கள் நடந்தன, லாட்டரிக் குலுக்கலும் நடந்தது. ஊரார் பணத்தைப் பத்திரப்படுத்துவதும் அதிர்ஷ்டத்தைச் சோதிப்பதும் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்தமை நமக்குச் சற்று நகைப்பூட்டுகிறது.

அக்கூரையின்மேல் 1796இல் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. சென்னையின் முதற் கலங்கரை விளக்கம் அதுவே. வணிகக் கூடத்தின் உச்சியில் விளக்கு ஏன் என்று வினவலாம். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு வர இயலாமல், திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் அலைகடந்து கொண்டுவந்தன. விறைப்பான மரப்படகு அந்த அலையின் அடியில் பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். நம் நெசவாளர் நெய்த துணி கப்பலேறியதும் இப்படகுகளில்தான். மாளிகையில் பேசப்பட்ட விலையெல்லாம், கரையோரப் படகோட்டிகளின் தோள்வலிமையை நம்பியே இருந்தது என்றால் மிகையன்று. கப்பல் வழிதவறினால் வணிகனுக்கு இழப்பு. ஆகவே அவன் கூடிய இடத்திலேயே விளக்கும் எரிந்தது.

பின்னர் வணிகம் மெல்ல மெல்லக் கோட்டையை விட்டு வெளியேறிற்று. தாமஸ் பாரி 1803இலேயே கோட்டைக்கு வடக்கே கடற்கரையோரம் இடம் வாங்கிவிட்டார். அவர் பெயரால்தான் இன்றும் அம்முனையைப் பாரிமுனை என்கிறோம். 1813இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் இந்திய வணிகத்தின் ஏகபோக உரிமையை இழந்தது. 1844இல் கலங்கரை விளக்கமும், இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கற்றூணுக்கு மாறியது. சரக்கிறக்க இரும்புப் பாலம் 1861இல் கடலுக்குள் நீண்டபின், படகுகளின் காலமும் தேயத் தொடங்கிற்று.

வணிகர் விட்டுச்சென்ற மாளிகை இராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியாயிற்று. 1948இல் அருங்காட்சியகமாயிற்று. அடுத்த முறை செல்லும்போது மாடிக்கும் ஏறிப் பாருங்கள். வணிகர் கூடிய அப்பெருங்கூடத்தின் சுவர்களில் இன்று அரசர்களும் ஆளுநர்களும் ஓவியங்களாய்த் தொங்குகின்றனர்.