அறநிலை வைத்தியசாலைகளின் ஆவணங்களும் மக்களின் அறியும் உரிமையும்

ஒரு வைத்தியசாலையின் வரலாறு அதன் கட்டடங்களாலும் அதனை நிறுவினோர் பெயர்களாலும் மட்டும் அமைவதன்று. எத்தகையோர் சிகிச்சை பெற்றனர், பொருள் எங்கிருந்து வந்தது, அஃது எவ்வாறு செலவாயிற்று என்பனவற்றைக் கூறும் ஏடுகளிலேயே அவ்வரலாறு உறைந்துள்ளது. இலாபங்கருதாது, கொடையினால் நடைபெறும் வைத்தியசாலைகளைப் பொறுத்தவரை இவ்வேடுகள் வரலாற்று மூலங்களாகவும், கொடுத்தோர்க்கும் பயன்பெற்றோர்க்கும் உரிய கணக்காகவும் விளங்குகின்றன. அவற்றைப் பார்வையிடும் உரிமை எவர்க்குண்டு என்னும் வினாவை யாழ்ப்பாணத்து வைத்தியசாலைகள் இரண்டின் வரலாறு தெளிவாக்கும்.

முதலாவது, மானிப்பாய் வைத்தியசாலை. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் பணிபுரிந்தார். இடையில் தாயகஞ் சென்று மீண்ட அவர், 1873 வரை இங்கு தொண்டாற்றினார். தமிழில் மேலை வைத்தியங் கற்பித்ததும், ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களை ஆக்குவித்ததும் யாவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாதது அவர் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளுமாம். மிஷனுக்குப் பொருளுதவியோர் அமெரிக்காவில் இருந்தமையின், கணக்குங் காரியமும் அவர்களுக்கே கூறப்பட்டன. இன்று அம்மிஷன் சபையின் ஆவணங்கள் ஹாவாட் பல்கலைக்கழகத்தின் ஹோற்றன் நூலகத்திற் பேணப்படுகின்றன. மானிப்பாயில் மருந்துண்டவர்களின் வரலாற்றை ஆராய விழைபவர் மசச்சூசெற்ஸ் மாநிலத்தை நாடவேண்டியுள்ளமை ஈண்டு நோக்கற்பாலது.

இரண்டாவது, ‘பிறெண்ட்-இன்-நீட் சொசைற்றி’ எனப்பட்ட ஏழைகளுக்குதவுஞ் சங்கத்தின் வைத்தியசாலை. இதனை 1850இல் யாழ்ப்பாணத்தில் நிறுவுவதற்கு முன்னின்றவர் அரசாங்க அதிபராகிய பேர்சிவல் அக்லண்ட் டைக். 1907இல் அரசாங்கம் இதனைப் பொறுப்பேற்றது. இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் தொடக்கம் இதுவே. பொறுப்பேற்ற பின் எழுந்த ஏடுகள் அரச ஆவணங்களாயின. அவற்றைப் பேணுங் கடமை 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டத்தின் வரம்பினுள் வருகின்றது.

ஒரே ஊர்மக்களுக்குத் தொண்டு செய்த இரு நிலையங்களின் ஏடுகள் இங்ஙனம் இருவேறு வழிச் சென்றன. மக்களின் தேவையன்று, உடைமையே அவ்வழிகளை வகுத்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஓரிடத்தில் மட்டும் ஒரே படியாக இருப்பது பேணலாகாது என்பதனை அவ்வழிவு உணர்த்திற்று.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கல்கிசையில் வாழும் ஒரு பிரசை களுபோவிலை அரசாங்க வைத்தியசாலையின் செலவு குறித்துத் தகவல் அலுவலரிடம் எழுத்தில் வினவலாம். அறநிலை வைத்தியசாலையிடமோ அவ்வுரிமை வரையறைக்குட்பட்டது. அரசினாலோ, வெளிநாட்டு அரசினாலோ, சர்வதேச நிறுவனத்தினாலோ கணிசமான நிதி பெறும் அரசசார்பற்ற நிறுவனங்களே, அவை ஆற்றும் பொதுச்சேவையளவில், இச்சட்டத்துள் அடங்குகின்றன. தனியார் கொடையில் மட்டும் தங்கியிருப்பது இவ்வகையில் அடங்காது. ஊரவர் பிடியரிசி சேர்த்தும், புலம்பெயர்ந்தோர் பணமனுப்பியும் காக்கும் நிலையமே கணக்குக் கேட்கவியலாத நிலையமாகலாம் என்பது இதன் விளைவு. கிறீனின் தாயகமாகிய அமெரிக்காவிலோ வரிவிலக்குப் பெறும் அறநிலை வைத்தியசாலைகளிற் பெரும்பாலானவை தம் ஆண்டு வருமானப் படிவத்தைக் கேட்போர் எவர்க்குங் காட்டக் கடமைப்பட்டவை. வரிவிலக்கும் பொதுமக்கள் தரும் கொடையே என்பது அதன் அடிப்படையாகும்.

அறியும் உரிமைக்கு எல்லையும் உண்டு. நோயாளியின் மருத்துவக் குறிப்புகளை அவரது எழுத்து மூலமான சம்மதமின்றி வெளியிட வேண்டியதில்லை என 2016ஆம் ஆண்டுச் சட்டமே விதிக்கின்றது. இது முற்றிலும் நியாயமானதே. எனினும், நோயாளியின் அந்தரங்கம் வேறு. நிலையத்தின் கணக்கு வேறு. முன்னையதைக் காரணங்காட்டிப் பின்னையதை மறைத்தல் பொருந்தாது.

எனவே, அறநிலை வைத்தியசாலைகள் சட்டத்தின் வற்புறுத்தலுக்குக் காத்திராது, ஆண்டறிக்கையையுங் கணக்கையும் தமிழில் அச்சிட்டு ஊர் நூலகங்களிலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் வைத்தல் வேண்டும். நோயாளர் பெயர் நீக்கிய பழைய பதிவேடுகளின் படிகளை ஆய்வாளர்க்குத் திறந்துவிடுதல் வேண்டும். தமிழருக்கு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர் தொடக்கிய நிலையத்தின் வரலாறு தமிழ் மாணவனுக்கு எட்டாப் பொருளாதல் தகாது.