அகேலா என்னும் தனியன்

பல நாடுகளில் எட்டு வயதுச் சிறுவர்கள் வட்டமாகக் குந்தி உட்கார்ந்து, நடுவில் நிற்பவரை 'அகேலா' என்று கூவி வரவேற்கிறார்கள். குருளைச் சாரணர் தலைவரின் பட்டப்பெயர் அது. கூவுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது வெறும் ஓசைதான். இந்தியில் அச்சொல்லுக்குத் 'தனியாக இருப்பவன்' என்று பொருள். கூட்டமே சூழ்ந்து நின்று தன் தலைவனைத் 'தனியன்' என்று விளிக்கிறது.

பெயரிட்டவர் கிப்ளிங். 1865இல் பம்பாயில் பிறந்து, ஆயாவிடம் இந்துஸ்தானி பேசி வளர்ந்தவர். 1894இல் வெளியான 'ஜங்கிள் புக்'கில், மத்திய இந்தியாவின் சிவனி மலைகளில் ஓநாய்க் கூட்டமொன்றின் தலைவன் அகேலா. 1916இல் பேடன்-பவல், எட்டு முதல் பதினொரு வயதுச் சிறுவர்களுக்கான அமைப்பைக் கிப்ளிங்கின் இசைவோடு இக்கதையின் மேல் கட்டினார். கதை சடங்காயிற்று. கிழ ஓநாய்க்குக் குருளை பணியவேண்டும் என்பது முதல் விதி.

கதையில் இருப்பதோ பணிவு மட்டுமல்ல. அங்கே தலைமைக்குக் கெடு உண்டு. இரையைத் தவறவிட்ட அன்றே தலைவன் செத்த ஓநாய்தான். புலியின் பேச்சில் மயங்கிய இளம் ஓநாய்கள், அகேலாவின் தளர்ச்சி வெளிப்படும்படி, களைக்காத மானொன்றின் முன் அவனைக் கொண்டு நிறுத்துகின்றன. அவன் தவறுகிறான். சபைப் பாறையில் அவனைக் கொல்லக் கூடுகிறார்கள். ஒவ்வொருவராக வாருங்கள் என்கிறான், ஒருவரும் முன்வருவதில்லை. மனிதக் குட்டி மௌக்ளி கொண்டுவந்த நெருப்பே அவனைக் காக்கிறது. 1895இல் வந்த இரண்டாம் நூலில், தக்காணத்துச் செந்நாய்களோடு பொருது சாகும்போது அவன் தலைவன்கூட அல்ல. வேறொருவன் தலைமையில் போரிடும் கிழ ஓநாய்.

பேடன்-பவல் பணிவை எடுத்துக்கொண்டார், பாறையில் நடந்த விசாரணையை விட்டுவிட்டார். சிறுவர் இயக்கத்துக்கு அது தேவைப்படவில்லை என்பது நியாயமே. நம் விமர்சகர்களும் அதையே விட்டுவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. கிப்ளிங் ஏகாதிபத்தியவாதி, அதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அதைச் சொன்னதோடு அவரை வாசித்து முடித்துவிட்டதாக நினைப்பவர்கள், சீருடைக்குள் புகுந்த கிப்ளிங்கைத்தான் வாசிக்கிறார்கள். அதிகாரத்தைப் போற்றிய அவரே, அதிகாரத்தில் இருப்பவனுக்குத் தனிமையைப் பெயராக வைத்தார். அவன் முதுமையையும் வீழ்ச்சியையும் குழந்தைகளுக்கு மறைக்காமல் சொன்னார். இயக்கம் கதையைக் கத்தரித்தது, பெயரைக் கத்தரிக்கவில்லை. இந்தி தெரிந்த ஒரு சிறுவன் அந்த வட்டத்தில் இருந்தால் அவன் காதில் மட்டும் அது விழும்.