எக்ளேசியா: ஒரு கிரேக்கச் சொல்லின் பொருள் வரலாறு

புதிய ஏற்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் பயிலும் 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல் இன்று திருச்சபையைக் குறிப்பதாகவே கொள்ளப்படுகின்றது. எனினும் அச்சொல் சமயத் துறையில் தோன்றியதன்று. ஏதென்சில் குடியுரிமை பெற்ற ஆடவர் கூடிச் சட்டம், போர் முதலியன பற்றி முடிவெடுத்த பேரவையையே அது குறித்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அப்பேரவை ஆண்டுக்கு 40 முறை கூடியது. 'எக்' (வெளியே), 'கலேயோ' (அழை) என்னும் உறுப்புகளைக் கொண்டு 'உலகினின்று பிரித்தழைக்கப்பட்டோர்' எனப் பொருள் கூறுவாரும் உளர். ஆயின் வழக்கில் நிலைபெற்ற பொருள் 'கூடிய மக்கள்' என்பதே.

எபிரேய மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் மொழிபெயர்ப்பில், இசுரயேல் மக்களின் கூட்டத்தைச் சுட்டும் 'காகால்' என்னும் சொல்லுக்கு இணைச்சட்ட நூல் முதலாகப் பல இடங்களில் எக்ளேசியா ஆளப்பட்டது. இவ்வாறு அரசியற்சொல் சமயச்சொல்லாயிற்று. எனினும் பழம்பொருள் மறையவில்லை. திருத்தூதர் பணிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரில் கூச்சலிட்ட கூட்டமும் (32), சட்டமுறைப்படி கூடும் நகரவையும் (39) இதே சொல்லால் குறிக்கப்படுகின்றன. நற்செய்தி நூல்களுள் மத்தேயுவில் மட்டுமே (16:18, 18:17) இச்சொல் இடம்பெறுகின்றது. பவுல் கொரிந்தியருக்கு எழுதுகையில் (1 கொரி. 1:2) ஒருமையையும், கலாத்தியருக்கு எழுதுகையில் (கலா. 1:2) பன்மையையும் ஆள்கின்றார். ஓரிடத்தும் இது கட்டடத்தைக் குறிக்கவில்லை.

இப்பொருள் வேறுபாடு பிற்காலத்தில் பெரும்பூசலுக்கு வித்திட்டது. 1526இல் வெளிவந்த ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் வில்லியம் டிண்டேல் 'சர்ச்' என்பதை விடுத்து, மக்கள் கூட்டத்தைக் குறிக்கும் 'காங்கிரிகேசன்' என்பதை ஆண்டார். குருமாரின் அதிகாரத்தை இது மறுப்பதாகக் கருதிய தாமஸ் மோர் 1529இல் கடுமையாகக் கண்டித்தார். டிண்டேல் 1536இல் சமயப் புரட்டராகக் கொல்லப்பட்டார். 1611இல் வெளிவந்த மொழிபெயர்ப்பை ஆக்கியோர்க்கோ 'சர்ச்' என்னும் பழஞ்சொல்லையே காக்குமாறு விதி வகுக்கப்பட்டிருந்தது. 'ஆண்டவருக்குரியது' என்னும் வேறொரு கிரேக்கச் சொல்லினின்று வந்த அது, மக்களையும் கட்டடத்தையும் ஒருங்கே குறிப்பது.

தமிழில் வழங்கும் 'சபை' இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஊராட்சி மன்றத்தைக் குறித்த சொல், கிறித்தவத் தமிழில் இறைமக்கள் கூட்டத்தைக் குறிக்கலாயிற்று. கட்டடத்திற்குக் கோயில், ஆலயம் என வேறு சொற்கள் உள. எனவே எக்ளேசியாவின் அடிப்படைப் பொருளை ஆங்கிலச் சொல்லினும் தமிழ்ச் சொல்லாட்சி தெளிவுறக் காத்துள்ளது எனலாம்.