பேலீஃப் உழவர் இல்லத்தின் காலமும் கட்டமைப்பும்

இங்கிலாந்தின் கோட்டைகளுக்கும் பேராலயங்களுக்கும் கணக்கேடுகள் உள. அவற்றைக் கட்டுவித்தோர் பெயரும் செலவும் பலவிடத்து நமக்குக் கிடைக்கின்றன. இடைக்கால உழவர் இல்லங்களுக்கோ பெரும்பாலும் அத்தகைய சான்று ஒன்றும் இல்லை. கட்டியவன் பெயர் பொறிக்கப்படவில்லை. கட்டிய ஆண்டும் எழுதப்படவில்லை. ஆகவே இல்லத்தின் மரங்களே அதன் வரலாற்றை உரைத்தல் வேண்டும். அவை எவ்வாறு உரைக்கின்றன என்பதனையும், அவ்வுரையைப் படிப்பார் எங்கு வழுவ நேர்கின்றது என்பதனையும் பேலீஃப் என்னும் ஓர் இல்லத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வாம்.

பேலீஃப் இல்லம் கெண்ட் மாநிலத்துச் சிடிங்ஸ்டோன் என்னும் ஊரைச் சார்ந்தது. பௌ பீச் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபொழுது அது நீரில் மூழ்கும் நிலை ஏற்பட்டது. எனவே 1968-69ஆம் ஆண்டுகளில் உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டு, சசெக்ஸ் பகுதியில் சிங்கிள்டன் என்னுமிடத்தே உள்ள வீல்டு-டௌன்லேண்டு திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுத்தப்பெற்றது. ராய் ஆம்ஸ்டிராங்கின் முயற்சியால் 1967இல் தோன்றியது அவ்வருங்காட்சியகம்.

இவ்வகை இல்லம் 'வீல்டன்' எனப்படும். கெண்ட், சசெக்ஸ் பகுதிகளில் இவ்வகை மிகுதி. நடுவே தரையிலிருந்து கூரை வரை திறந்து கிடக்கும் உயர்ந்த கூடம். இரு புறமும் இரண்டு தளங்கள் கொண்ட பகுதிகள். இப்புறப்பகுதிகளின் மேல்தளம் கீழ்ச்சுவரைக் கடந்து முன்னே நீண்டு நிற்கும். கூடத்தின் சுவரோ உள்வாங்கி நிற்கும். ஆயினும் மூன்று பகுதிகளையும் ஒரே கூரை மூடுவதால், கூடத்திற்கு முன்னே இறவாரத்தைத் தாங்கும் உத்தரம் சுவரின்றி வெளியில் ஓடும். வளைந்த தாங்குகட்டைகள் அதனை ஏந்தும். எதிரெதிர் வாயில்கள் இரண்டு. அவற்றை இணைக்கும் நடையின் ஒருபால் உணவும் குடிபொருளும் வைக்கும் அறைகள் இரண்டு, மறுபால் கூடம். கூடத்தின் மேல்முனையில் வீட்டுத்தலைவன் அமரும் இடம். அதற்கு அப்பால் கீழே ஓர் அறையும் மேலே படுக்கையறையும் உள்ளன. மாடியறையை ஒட்டிப் புறத்தே நீட்டிய சிறு கழிப்பறையும் உண்டு. சாளரங்களில் கண்ணாடி இல்லை. செங்குத்தான மரக்கம்பிகளும் உள்ளே மரக்கதவுகளுமே உள. யார் எங்கு அமர்வது, யார் எவ்வழியே நுழைவது என்பதெல்லாம் தச்சன் இட்ட சட்டத்திலேயே முடிவு செய்யப்பட்டுவிட்டன என்க.

தச்சுமுறையும் கருதத்தக்கது. ஓக் மரத்தை உலரவிடாது பச்சையாகவே செதுக்கினர். வெட்டிய சில காலத்திற்குள் இழைப்பதற்கு அஃது எளிது. உலர உலரக் கடினமாகும். சட்டங்களைத் தரையிற் கிடத்திப் பொருத்திப் பார்த்து, துளையிற் கழுந்தைச் செருகி மரமுளை அடிக்கும் இடங்களைக் குறித்தனர். எந்த உறுப்பு எதனோடு சேரும் என்பதற்கு உரோம எண்களை ஒத்த கீறல்களைப் பொறித்தனர். பின்னர்ப் பிரித்து, மனையில் எடுத்து நிறுத்தினர். இடைவெளிகளை வரிச்சு கட்டி மண் அப்பி அடைத்தனர். இங்ஙனம் பிரித்துச் சேர்க்கும் வண்ணமே பிறந்த கட்டடமாதலின், ஐந்து நூற்றாண்டு கழித்து மீண்டும் பிரித்துச் சேர்க்க இயன்றது.

இனிக் காலம். இல்லத்தின் முகப்பைக் காண்பார்க்கு இரு புறமும் ஒத்து நிற்கும் தோற்றம் ஒரே காலத்து ஒரே தச்சனின் படைப்பென்றே தோன்றும். மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிய ஆய்வு அக்கருத்தைத் தகர்த்தது. கூடமும் பொருள்வைப்பறைப் பகுதியும் 1405க்கும் 1430க்கும் இடையே வெட்டிய மரங்களால் ஆயவை. மேல்முனைப் பகுதியோ 1505க்கும் 1510க்கும் இடைப்பட்டது. எல்லைகள் இவ்வாறு தளர்ந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. மரத்தின் புறத்தேயுள்ள வெளிறு செதுக்கலில் கழிந்துபோம். வைரம் மட்டுமே எஞ்சின் இறுதி வளையம் எதுவெனத் துணிதல் அரிது. எஞ்சிய வெளிற்றைக் கொண்டு இழந்த வளையங்களைக் கணித்தே எல்லை கூறுவர். எனினும் இரண்டு கட்டுமானங்களுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்குக் குறையாத இடைவெளி உண்டென்பது தேற்றம். பின்வந்த தச்சன் முன்னையோன் அமைதியைப் பின்பற்றினான். நடை ஒன்றாயிருத்தலைக் கொண்டு காலமும் ஒன்றெனத் துணியும் பழக்கம் நூலாராய்ச்சியிலும் உண்டு. அதன் இடர் இவ்வில்லத்தில் வெளிப்படை.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. கூடத்தின் நடுவே தரையில் திறந்த அடுப்பு எரிந்தது. புகை மேலெழுந்து கூரைவழியே கசிந்தது; இத்தகைய இல்லங்களின் கைம்மரங்களிற் படிந்த புகைக்கரியே அதற்குச் சான்று. புகை உலவ உயரம் வேண்டும். ஆதலின் அடுப்பு திறந்திருக்கும் வரை கூடத்தின்மேல் தளம் இட இயலாது. செங்கற் புகைபோக்கி வந்தபின் புகை அடங்கியது. கூடத்தின் குறுக்கே தளம் இட்டனர். புதிய மாடியறைகள் கிடைத்தன. பேலீஃபும் பின்னாளில் இவ்வாறே மாறியது. ஹாஸ்கின்சு என்னும் வரலாற்றாசிரியர் 1953இல் எழுதிய கட்டுரையில், 1570 முதல் 1640 வரையுள்ள காலத்தை ஊரகப் பெரும் மறுகட்டுமானக் காலம் என்றார். மேச்சின் என்பார் 1977இல் அதனை மறுத்து, அவ்வெல்லை பொருந்தாது, எழுச்சி அதற்குப் பின்னும் நீண்டது என்றார். கால எல்லையில் பிணக்கு இருப்பினும், அடுப்பு இடம்பெயர்ந்ததே உழவர் வாழ்க்கையின் பெருமாற்றம் என்பதில் ஐயமில்லை.

அருங்காட்சியகத்தார் பேலீஃபை மீண்டும் நிறுத்துங்கால் பின்னைய புகைபோக்கியையும் இடைத்தளத்தையும் நீக்கி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்க நிலையை நிறுவினர்; பின்னர் 1540ஆம் ஆண்டளவிற்குரிய தட்டுமுட்டுப் பொருள்களையும் அமைத்தனர். இதனைச் சிறந்த பதிப்பு என்பார் உளர். யான் முழுதும் உடன்படேன். 1505க்குப் பிற்பட்ட பகுதி நூறாண்டு பிந்திய சேர்க்கையே, அதனைக் கொண்டனர். புகைபோக்கியும் சேர்க்கையே, அதனைத் தள்ளினர். ஒரு காலத்தைத் தெரிந்தெடுத்துக் காட்டுதல் பதிப்பாளர் உரிமை; திறந்த கூடத்தை இன்று கண்ணாற் காண வேறு வழி அரிது என்பதும் உண்மை. ஆயினும் தள்ளப்பட்டது இடைச்செருகல் அன்று. அவ்விடத்தே வாழ்ந்தோர் பல தலைமுறையாகக் கண்ட வீடு அதுவே. இன்று கூடத்துள் நிற்பவர் தலைக்குமேல் உள்ள வெற்றிடத்தைக் காண்கின்றார். அவ்வெற்றிடத்தில் ஒருகாலத்து மக்கள் உறங்கினர் என்பதனை அம்மரச்சட்டம் அவருக்குக் கூறுவதில்லை.