மின்கம்பம் ஏறிய இணையம்: கேரள அரசின் அகலக்கற்றை முயற்சி

கேரளத்தில் அகலக்கற்றை இணைப்பை, அதாவது எழுத்தையும் குரலையும் படத்தையும் ஒரே வழியில் விரைந்து கடத்தும் இணைய இணைப்பை, மாநில அரசே முன்னின்று பரப்ப முற்பட்ட வரலாற்றை எழுதப் புகுவோர் மின்கம்பங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூணாறுக்கு அருகே முத்திரப்புழை ஆற்று நீரைக் கொண்டு பள்ளிவாசலில் திருவிதாங்கூர் அரசு 1940இல் நீர்மின் நிலையத்தை இயக்கியது. 1957இல் மாநில மின்வாரியம் அமைந்து, மலையிலும் காயலோரத்திலும் கம்பம் நட்டுக்கொண்டே சென்றது. 2017 மே மாதத்தில் மாநிலம் முழுதும் மின்வசதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில்தான், அந்தக் கம்பங்களின் மேலேயே இணையத்தையும் கொண்டுசெல்லும் கே-ஃபோன் திட்டம் இடம்பெற்றது.

இதற்கு முன்னோடியாக நின்றது மலப்புறத்தின் ‘அட்சயா’. வீட்டுக்கு ஒருவரேனும் கணினியைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும் என்ற குறிக்கோளுடன் அமைந்த இத்திட்டத்தை, அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 2002 நவம்பரில் தொடங்கி வைத்தார். 1991இல் முழு எழுத்தறிவை எட்டிய மாநிலம், வீடு வீடாகச் சென்று எழுத்தறிவித்த அதே முறையைக் கணினிக்கும் எடுத்தாண்டது என்று கூறலாம். ஏறத்தாழ ஆயிரம் குடும்பங்களுக்கு ஒன்று என்ற அளவில் மையங்கள் திறக்கப்பட்டன. பயிற்சிக் கட்டணமான 140 ரூபாயில் குடும்பம் 20 ரூபாயை மட்டும் செலுத்த, எஞ்சிய 120 ரூபாயை உள்ளாட்சி அமைப்புகள் ஏற்றன. வளைகுடா நாடுகளில் ஆண்கள் உழைக்க, பெண்களும் முதியோரும் ஊரில் காத்திருந்த அம்மாவட்டத்தில், சுட்டியைப் பிடிக்கவும் மலையாளத்தில் தட்டச்சிடவும் பழகிய கைகளுக்கு உடனடிப் பயன் ஒன்று கிடைத்தது: கடலுக்கு அப்பாலிருந்த உறவினருடன் குறைந்த செலவில் தொடர்புகொள்ள முடிந்தது. கற்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறு எதுவும் தேவைப்படவில்லை. மையங்களை இணைத்தது வானலை வழிப் பிணையம்; ஆயினும் அது கடைத்தெரு மையம் வரையே வந்தது, வீட்டு வாசலை எட்டவில்லை. நடுவண் அரசு 2011இல் ஒப்புதல் அளித்து, பின்னர் ‘பாரத்நெட்’ என்று பெயர் மாற்றிய ஒளியிழைத் திட்டமும் ஊராட்சி அலுவலகத்தையே எல்லையாகக் கொண்டிருந்தது.

ஒளியிழை என்பது ஒளித்துடிப்புகளாகச் செய்தியைச் சுமக்கும் மயிரிழை போன்ற கண்ணாடி நார். ஊர் எது, அடுத்த ஊர் எது என்று பிரிக்க முடியாதபடி வீடுகள் நெருங்கி, குறுகிய சாலைகளும் நீண்ட மழைக்காலமும் கொண்ட கேரளத்தில், அதை மண்ணில் புதைப்பது பெருஞ்செலவும் பெருந்தாமதமும் ஆகும். மின்வாரியத்தின் உடைமைகள் இதற்கு விடையளித்தன. உயரழுத்தக் கோபுரங்களின் உச்சியில், இடி மின்னலைத் தாங்கி நிலத்துக்கு இறக்கும் புவிக்கம்பி ஒன்று ஓடும். அதற்குப் பதிலாக, உள்ளே ஒளியிழை பொதிந்த கம்பி இழுக்கப்பட்டது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது என்பதால் அருகே ஓடும் உயரழுத்த மின்னோட்டம் செய்தியைக் குலைப்பதில்லை. தெருக் கம்பங்களிலோ, உலோகம் சிறிதும் கலவாமல் தன் எடையைத் தானே தாங்கும் வடம் கட்டப்பட்டது. துணைமின் நிலைய வளாகங்கள் இணைப்பு முனைகளாயின. கம்பி இழுக்கும் தொழிலாளர் பல தலைமுறைகளாகத் தேடித்தந்த வழியுரிமை இவ்வாறு இணையத்துக்கும் வாய்த்தது. இத்திட்டத்தின் உண்மையான முதலீடு இதுவே, ஏட்டில் குறிக்கப்பட்ட 1,548 கோடி ரூபாய் அதற்கு அடுத்ததுதான்.

திட்டத்தை நடத்த அமைந்த நிறுவனத்தில் மின்வாரியமும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நிறுவனமும் தலா 49 விழுக்காடு பங்கேற்க, எஞ்சியதை அரசு வைத்துக்கொண்டது. ஏறத்தாழ 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் இலக்காக வகுக்கப்பட்டன. பணி நடந்துகொண்டிருந்த காலத்தில் இரண்டு நிகழ்வுகள் அதன் அவசரத்தை உணர்த்தின. விடுதியில் கைப்பேசிக்குத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் பிணைந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் திரைக்குள் புகுந்தபோது, இணைப்பில்லாத வீட்டுக் குழந்தை வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

2023 ஜூன் 5 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கட்டணம் செலுத்துவோருக்கு மாதம் 299 ரூபாயில் தொடங்கும் இணைப்பும், ஒளியேற்றாத இழைகளை, அதாவது கருவி பொருத்தப்படாமல் வடத்துக்குள் மிஞ்சியிருக்கும் நார்களை, பிற நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவதும் வருவாய்க்கு வழிகளாயின. இலவச இணைப்புக்கோ முதற்கட்டமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 100 குடும்பங்கள் என, 140 தொகுதிகளுக்கும் 14,000 குடும்பங்களே குறிக்கப்பட்டன. 20 லட்சத்தின் முன் இந்த எண் மிகச் சிறிது என்பதை மறைக்க இயலாது. கம்பம் வரை வடத்தைக் கொண்டுசெல்வது பொறியியல். கம்பத்திலிருந்து ஓட்டுக்கூரையின் கீழ் இழுத்து, பெட்டி பொருத்தி, பழுதானால் மழையிலும் வந்து சரிசெய்வதற்கு அவ்வூரிலேயே ஆள் வேண்டும். மின்வாரியத்துக்கு அப்படி வீட்டுக்குள் சென்று இணையம் பேணும் பணியாளர் இருந்ததில்லை. எனவே அந்தக் கடைசித் துண்டுக்காக, தொலைக்காட்சிக் கம்பியை ஏற்கெனவே அதே கம்பங்களில் கட்டி வீடு வீடாக மாதச் சந்தா வாங்கிவந்த உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்களையே அரசு கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது.