துவக்கும் காணி உறுதியும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் என்றதும் எங்களுக்கு மாட்டின் லூதர் கிங்கும் அகிம்சையும்தான் ஞாபகம் வரும். அந்தக் கிங்கே 1956இல் தன் வீட்டுக்குக் குண்டு வீசப்பட்ட பிறகு, துவக்கு அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்தார், அது மறுக்கப்பட்டது என்று வாசித்தபோது கொஞ்சம் திகைத்துத்தான் போனோம். அப்படியென்றால், பொலிசை நம்ப முடியாத கிராமத்துச் சனம் என்ன செய்தது? அந்தக் கேள்வி எங்களை மிசிசிப்பி மாநிலத்துக்குக் கொண்டுபோனது.

அங்கே துவக்கு உரிமை எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. அடிமைமுறை முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது: இராணுவத்தில் இல்லாத கறுப்பர், அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது. சீருடை போட்டால் நாட்டுக்காகச் சுடலாம். கழற்றினால் சொந்த வீட்டைக் காக்கவும் வழியில்லை.

எண்பது வருடம் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மெட்கர் எவர்ஸ் இரண்டாம் உலகப் போரில் நோர்மண்டி வரை போய்வந்தவர். 1946இல் அண்ணனோடும் வேறு சில முன்னாள் படையினரோடும் சொந்த ஊரில் வாக்களிக்கப் போனார். துவக்கோடு நின்ற வெள்ளையர் கூட்டம் மறித்துத் திருப்பி அனுப்பியது. ஐரோப்பாவின் விடுதலைக்குப் போன படையாளுக்குத் தன் ஊரில் ஒரு வாக்கு இல்லை.

இதே மாநிலத்தில், ஹோம்ஸ் மாவட்டத்தில் மைல்ஸ்டன் என்றொரு கிராமம். ரூஸ்வெல்ட் காலத்து அரசு பெரிய பருத்தித் தோட்டங்களை வாங்கி, வாரத்துக்கு உழுத சுமார் 100 கறுப்பினக் குடும்பங்களுக்கு நீண்டகாலக் கடனில் காணி கொடுத்தது. பருத்தி ஆலை, சங்கக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தச் சனத்துக்கென்றே வந்தன.

அந்தப் பக்கத்துக் கமக்காரர் ஹாட்மன் டேர்ன்போ. அவருக்கும் சொந்தக் காணி இருந்தது. 1963 ஏப்ரல் 9இல் 14 பேர் வாக்காளராகப் பதிய லெக்சிங்டன் நகருக்குப் போனார்கள். முதலில் யார் என்று கேட்கப்பட்டபோது முன்னுக்கு வந்தவர் அவர்தான். அடுத்த மாதம் ஓர் இரவில் அவர் வீட்டுக்குப் பெற்றோல் குண்டு வீசினார்கள். துவக்கோடு வெளியே வந்து திருப்பிச் சுட்டார். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். பிறகு கைதானது யார் தெரியுமா? டேர்ன்போ! சொந்த வீட்டுக்குத் தானே தீ வைத்தாராம். வழக்கு நிற்கவில்லை.

துவக்குத்தான் காப்பாற்றியது என்று இதிலேயே கதையை முடிக்கலாம். ஆனால் மெட்கர் எவர்ஸிடமும் துவக்கு இருந்தது, இராணுவப் பயிற்சியும் இருந்தது. 1963 ஜூன் 12இல் தன் வீட்டு வாசலில், முதுகில் சுடப்பட்டுச் செத்தார். ஒளிந்திருந்து சுட்டவனும் அதே உலகப் போரில் சண்டையிட்ட படையாள்தான். அவனுக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொருவரையும் சேர்த்துப் பார்ப்போம். ஃபனி லூ ஹேமர் 1962இல் வாக்காளராகப் பதியப் போனார். 18 வருடம் வேலை செய்த தோட்டத்திலிருந்து அன்றைக்கே வெளியேற்றப்பட்டார். வீடு அவருடையதல்ல, தோட்டக்காரனுடையது. டேர்ன்போவைச் சுட வரலாம், ஆனால் 'வெளிக்கிடு' என்று சொல்ல ஒருவராலும் முடியாது. உறுதி அவர் பெயரில் இருந்தது. அதனால்தான் மைல்ஸ்டன் சனம் வெளியூர் இளைஞர்களைத் தங்கள் வீடுகளில் தங்க வைத்தது. 1964இல் பொது மண்டபம் கட்டியது. 1967இல் அந்த மாவட்டத்திலிருந்து ரொபேர்ட் கிளார்க் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். இருபதாம் நூற்றாண்டில் அங்கே போன முதல் கறுப்பினத்தவர் அவர்.

ஹேமருக்கும் இது விளங்கியது. 1969இல் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். பன்றி வங்கி ஒன்றும் நடத்தினார்: பன்றியை வாங்கிய குடும்பம் பிறகு குட்டிகளில் சிலதைத் திருப்பித் தரும், அவை அடுத்த குடும்பங்களுக்குப் போகும்.

டேர்ன்போ சுட்டது பிழை என்று எங்களால் சொல்ல முடியாது. வீட்டுக்குள் மனைவியும் மகளும் இருந்தார்கள். ஆனால் துவக்கு காத்தது அந்த ஓர் இரவை. அடுத்த நாளும் அதற்கடுத்த வருடமும் அங்கேயே நிற்க வைத்தது காணியும் சங்கக்கடையும் பக்கத்து வீட்டுச் சனமும். போராட்ட வரலாறு என்றால் துவக்கை மட்டும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, உறுதிக் கட்டையும் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது மைல்ஸ்டன்.