ஈஸ்டரும் உஷையும்

ஏப்ரல் நெருங்கினால் ஒரு படம் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கிவிடுகிறது. மேலே பாபிலோனியத் தேவதை இஷ்டாரின் சிற்பம். கீழே இரண்டு வரி: 'இஷ்டார் என்பதே ஈஸ்டர் ஆயிற்று, முட்டையும் முயலும் அவளுடைய சின்னங்கள்.' படித்தவர்களும் இதை ஆராய்ச்சி முடிவென்று நம்பிப் பரப்புகிறார்கள். இஷ்டாரின் சின்னங்கள் சிங்கமும் எட்டுமுனை விண்மீனும். முட்டைக்கும் முயலுக்கும் அவளோடு எந்தத் தொடர்பும் இல்லை. பெயர்த் தொடர்பு அதைவிடப் பொய்.

இந்தக் கதையைப் பெரிதாகப் பரப்பியவர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 'இரண்டு பாபிலோன்கள்' என்ற அவருடைய சிறுநூல் 1853-இல் வந்தது. 1858-இல் பெருநூலாக விரிந்தது. கத்தோலிக்கச் சபையின் வழக்கங்கள் எல்லாம் பாபிலோனிலிருந்து வந்தவை என்று காட்டுவதே அவர் நோக்கம். அப்போதுதான் அசீரியக் கல்வெட்டுகளில் இஷ்டார் என்ற பெயரைப் படித்திருந்தார்கள். ஓசை ஒத்திருந்தது, அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சொல்லாராய்ச்சிக்கு அது போதாது. தமிழ் 'எட்டு', ஆங்கில 'எய்ட்' இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் எட்டின் பழைய உருவைத் தேடினால் எண்பது, எண்ணூறு என்று 'எண்' வந்து நிற்கிறது. எய்ட்டின் பழைய உருவைத் தேடினால் பழைய ஆங்கில 'எஅஹ்த', இலத்தீன் 'ஒக்தோ', வடமொழி 'அஷ்ட' என்று போகிறது. பின்னோக்கிப் போகப் போக ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் அவை உறவுச் சொற்கள் அல்ல. பார்வைக்கு ஒட்டாத பாலும் ஹாலும், புலியும் ஹுலியும் உறவுச் சொற்கள். தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் என்ற விதி ஒழுங்காக நிற்கிறது. கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு எழுதிய நாளிலிருந்து நமக்கு இது தெரிந்த பாடம்.

இஷ்டாரைப் பின்னோக்கித் தேடினால் 'எஷ்தார்' வருகிறது. அதற்கும் முன்னே தொண்டையடியில் பிறக்கும் ஒரு செமித்திய மெய்யோடு 'அத்தர்' வருகிறது. உகரித்தின் 'அத்தர்த்', எபிரேயத்தின் 'அஷ்தோரெத்', கிரேக்கர் சொன்ன 'அஸ்தார்த்தே' எல்லாம் அந்தக் குடும்பம். ஈஸ்டரைப் பின்னோக்கித் தேடினால் இந்தத் திசையில் ஓரடிகூடப் போக முடியாது.

பெயர் வழங்கும் நிலப்பரப்பையும் பார்க்க வேண்டும். பாபிலோனிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு பெயர் போயிருந்தால் வழியில் கிரேக்கத்திலும் ரோமிலும் கால் வைத்திருக்க வேண்டும். அங்கெல்லாம் இந்த விழாவுக்குப் பெயர் 'பாஸ்கா'. எபிரேயப் 'பெசாக்' அரமேயம் வழியாகக் கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் வந்த சொல். பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஸ்பானியர், ரஷ்யர் எல்லோரும் அதன் திரிபுகளைத்தான் சொல்கிறார்கள். தமிழ்க் கத்தோலிக்கரும் பாஸ்கா என்கிறார்கள். 'ஈஸ்டர்' வகைப் பெயர் பழங்குடிச் சொல்லாக வேரூன்றியிருப்பது ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும்தான். ஆகவே பிறப்பையும் அங்கேதான் தேட வேண்டும்.

நல்ல வேளையாக அங்கே ஒரு சாட்சி இருக்கிறார். நார்த்தம்பிரியாவின் ஜாரோ மடத்துத் துறவி பீட் 725-இல் காலக்கணிதம் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் 15-ஆம் அதிகாரத்தில் தம் முன்னோர் மாதங்களுக்கு இட்டிருந்த பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். 'எயோஸ்துர்மோனத்' என்ற மாதம் எயோஸ்த்ரே என்னும் பெண்தெய்வத்தின் பெயரால் வந்தது, அம்மாதத்தில் அவளுக்கு விழா எடுத்தார்கள், இப்போது பாஸ்கா காலத்தை அவள் பெயராலேயே அழைக்கிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. ஜெர்மனிப் பக்கம், பேரரசர் சார்லமேன் மாதங்களுக்குத் தம் மொழியில் பெயரிட்டதை அவர் வாழ்க்கையை எழுதிய எய்ன்ஹார்ட் பதிந்திருக்கிறார். அந்தப் பட்டியலில் ஏப்ரல் 'ஓஸ்தர்மானோத்'. இவற்றை வைத்து யாக்கோப் கிரிம் 1835-இல் 'ஓஸ்தாரா' என்ற ஜெர்மானியத் தெய்வத்தை மீட்டெடுத்தார்.

இனிச் சொல்லுக்கு வருவோம். இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் விடியலைக் குறித்த வேர் 'அவுஸ்' போன்ற ஒன்று. ஒளிர்தல், சிவத்தல் என்பது பொருள். அதன் பிள்ளைகள் வேதத்து 'உஷஸ்', அவெஸ்தாவின் 'உஷஹ்', கிரேக்க 'ஏயோஸ்', இலத்தீன் 'அவ்ரோரா', லித்துவேனிய 'அவுஷ்ரா'. ரிக்வேதத்தில் சுமார் 20 பாடல்கள் உஷஸுக்கே உரியவை. தமிழ்நாட்டுக் கோயில்களில் முதல் பூசைக்கு உஷத்காலம் என்று பெயர்; உஷா என்று பெண்ணுக்குப் பெயர் வைக்கிறோம். அந்தச் சொல்லும் ஈஸ்டரும் ஒரே வேரில் பிறந்தவை.

'உஷஸில் டகரம் இல்லையே, ஈஸ்டரில் எங்கிருந்து வந்தது?' என்று கேட்கலாம். ஜெர்மானிய மொழிகளில் ஸகரமும் ரகரமும் அடுத்தடுத்து வந்தால் நடுவே ஒரு தகர ஓசை புகும். இரத்தஸ்ராவம் என்கிறோமே, அந்த 'ஸ்ரு' (ஓடுதல்) என்ற வேர்தான் ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீம்'. உடன்பிறந்தாளைக் குறிக்கும் வடமொழி 'ஸ்வஸ்ரு'தான் 'சிஸ்டர்'. அதே விதிப்படி, விடியலின் செம்மையையும் செந்நிறப் பசுவையும் குறிக்கும் வேதச்சொல் 'உஸ்ரா', லித்துவேனிய 'அவுஷ்ரா' ஆகியவற்றுக்கு நேரான ஜெர்மானிய வடிவம் 'அவுஸ்த்ர' என்றுதான் இருந்தாக வேண்டும். அதிலிருந்து பழைய ஆங்கில 'ஈஆஸ்த்ரே'யும் பழைய ஜெர்மன் 'ஓஸ்தரூன்' என்பதும் ஒழுங்காக இறங்குகின்றன. இஷ்டார் கட்சியினரால் இப்படி ஒரு விதியைக் காட்ட முடியாது.

இந்த வேரின் கிளைகள் பல. 'ஈஸ்ட்', 'ஓஸ்ட்' என்னும் கிழக்குப் பெயர்கள் இதிலிருந்து வந்தவை. விடியும் திசை கிழக்கு. 996-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் 'ஓஸ்தர்ரீகி' என்று வரும் கிழக்கு நாடே இன்றைய ஆஸ்திரியா. தங்கத்துக்கு இலத்தீனில் 'அவ்ரும்'. பழைய உருவம் 'அவுசும்'. அதையும் இந்த வேரோடு சேர்ப்பவர்கள் பலர். அந்த இலத்தீன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே வேதியியலில் தங்கத்தின் குறியீடு. ருஷ்ய ஆட்சியில் லித்துவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடத் தடை இருந்தபோது, எல்லைக்கு அப்பால் கிழக்குப் பிரஷியாவில் அச்சிட்டு 1883-இல் பசனாவிச்சியஸ் தொடங்கிய இதழுக்கு இட்ட பெயர் 'அவுஷ்ரா'. ஓர் இனம் தன் எழுச்சிக்கு வேறு எந்தப் பெயரை இட்டிருக்கும்!

மறுப்பவர்களையும் பார்த்துவிடுவோம். 1959-இல் யோஹான் நோப்லொக் ஒரு கருத்துச் சொன்னார். ஞானஸ்நானம் பெற்றவர்கள் வெள்ளாடை அணியும் வாரத்துக்கு இலத்தீனில் 'ஆல்பா' (வெள்ளை) சேர்ந்த பெயர் உண்டு. அதே சொல்லுக்கு விடியல் என்ற பொருளும் இருந்ததால் ஜெர்மானியர் அதைத் தவறாக மொழிபெயர்த்துவிட்டார்கள் என்றார். அவர் கூற்றின்படியும் ஈஸ்டர் என்ற சொல்லுக்கு விடியல் என்பதே பொருள். மேலும், மொழிபெயர்ப்புப் பிழையில் பிறந்த சொல் பழஞ்சமயத்தார் மாதப் பெயரில் எப்படி ஏறியது? 1999-இல் யூர்கன் உடோல்ஃப், நீர் ஊற்றுதலைக் குறிக்கும் நார்டிக் சொல் 'அவுசா'விலிருந்து வந்தது, ஞானஸ்நானத்தைக் குறிக்கிறது என்றார். அந்தச் சொல்லுக்கு உரிய நார்டிக் மக்களே இந்த விழாவைப் 'பாஸ்கர்' என்கிறார்கள். இதற்குமேல் மறுப்பு வேண்டாம்.

பீட் தாமே தெய்வத்தைக் கற்பித்துவிட்டார் என்பாரும் உண்டு. 1958-இல் ஜெர்மனியின் மோர்கன்-ஹார்ஃப் என்ற இடத்தில், ரோமர் காலத்து நேர்த்திக்கல்வெட்டுகள் 150-க்கு மேல் கிடைத்தன. 'அவுஸ்த்ரியஹேனே' என்னும் தாய்த்தெய்வங்களுக்கு எழுப்பியவை அவை. அதே வேர், அதே பெண்தெய்வம் என்ற கருத்து, பீடுக்கு ஐந்து நூற்றாண்டு முன்னே. பிலிப் ஷா 2011-இல் எழுதிய நூலில் எயோஸ்த்ரே உண்மையான தெய்வம் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது கிழக்குப் பகுதி மக்களின் ஊர்த்தெய்வம், விடியல் தெய்வம் அன்று என்கிறார். கிழக்கு என்ற சொல்லே விடியலிலிருந்து வந்திருக்க, இரண்டையும் பிரிப்பது வீண் வேலை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் மதிக்கத்தக்கது. விடியல் நாள்தோறும் வருவது. அதற்கு ஆண்டுக்கொரு விழா ஏன்? விடை ரோமில் இருக்கிறது. ரோமரின் விடியல் தெய்வம் 'மாதர் மாத்தூத்தா'. அவளுக்கு ஜூன் 11-இல் ஆண்டுவிழா, பெயர் 'மாத்ராலியா'. அன்று குலப்பெண்கள் ஓர் அடிமைப் பெண்ணைக் கோயிலுக்குள் விட்டு அடித்துத் துரத்துவார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு உடன்பிறந்தாள் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்வார்கள். ரோமர்களுக்கே இதன் பொருள் மறந்துபோயிருந்தது. பொருளைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் துமெசில். உஷஸ் இருளைப் பகைவரை விரட்டுவதுபோல் துரத்துகிறாள். இரவோ அவளுக்கு உடன்பிறந்தாள். இருவரும் ஒரே குழந்தைக்குப் பாலூட்டுகிறார்கள் என்று ரிக்வேதம் பேசுகிறது. வேதத்தில் சொல்லாக இருப்பது ரோமில் சடங்காக இருக்கிறது. உஷஸ் பாடல்கள் புத்தாண்டு விடியலைச் சேர்ந்தவை என்று கைப்பர் 1960-இல் வாதிட்டதும் இதோடு ஒத்துப்போகிறது. நீண்ட குளிர்காலம் உள்ள வடநாடுகளில் ஆண்டின் விடியல் வசந்தம்தான்.

மக்கள் வழக்கத்துக்கு வருவோம். என் கட்சிக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியின் பல ஊர்களில், லுசாசியாவின் சொர்பிய மக்களிடையேயும், ஈஸ்டர் அன்று கதிரவன் எழுமுன் இளம்பெண்கள் ஓடைக்குப் போய்த் தண்ணீர் மொண்டு வருவார்கள். அது 'ஓஸ்டர்வாசர்', ஈஸ்டர் தண்ணீர். ஓடும் நீராக இருக்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் வாய் திறக்கக் கூடாது. இளைஞர்கள் வழிமறித்துப் பேச்சுக் கொடுப்பார்கள். ஒரு சொல் பேசிவிட்டாலும் அது 'பிளாப்பர்வாசர்' ஆகிவிடும். வாயாடித் தண்ணீர், பயன் இல்லை. பேசாமல் கொண்டுவந்த தண்ணீர் ஆண்டு முழுதும் கெடாது, முகத்துக்கு அழகு தரும், கண்ணோய் தீர்க்கும் என்பது நம்பிக்கை. சர்ச்சுத் தொட்டியிலிருந்து எடுத்த நீர் அன்று இது. பாதிரியார் மந்திரித்ததும் அன்று. விடியலுக்கு முந்திய நேரமே அதற்குச் சக்தி தருகிறது. சொர்பியர் இந்த விழாவையே 'யுத்ரி' என்கிறார்கள். அவர்கள் மொழியில் 'யுத்ரோ' என்றால் காலை.

இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஈஸ்டர் காலையில் சூரியன் நடனமாடுகிறது என்று மக்கள் நம்பினார்கள். பார்ப்பதற்கென்றே விடியுமுன் எழுந்து போனார்கள். கண் கூசாமல் இருக்கத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அதன் நிழலைப் பார்ப்பதும் உண்டு. தாமஸ் பிரவுன் 1646-இல் மக்களின் தவறான நம்பிக்கைகளைத் தொகுத்தபோது இதை மறுத்து எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு பரவலான நம்பிக்கை. உஷஸை நடனப் பெண்ணாகக் காட்டும் ரிக்வேதப் பாடல் 1.92-ஐப் படித்தவர்களுக்கு இந்த ஆட்டம் புதிதாக இராது.

லாத்வியாவில் இந்த விழா 'லீயெல்தியெனாஸ்', பெருநாட்கள். அங்கே விடியுமுன் ஓடுநீரில் முகம் கழுவுகிறார்கள். பிறகு ஊர்ப்பொதுவில் பெரிய ஊஞ்சல் கட்டி ஆடுகிறார்கள். உயர ஆடினால் கோடையில் கொசு கடிக்காது என்பார்கள். ரிக்வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் வசிட்டர் சூரியனை வருணன் வானில் கட்டிய பொன்னூஞ்சல் என்கிறார். ஐதரேய ஆரண்யகம் விவரிக்கும் மகாவிரதச் சடங்கில் ஹோதா என்னும் வேள்வியாசிரியர் ஊஞ்சலில் ஏறி அமர்கிறார். ஆண்டு திரும்பும் வேளையில் சூரியனை மேலே ஏற்றும் செயலாகவே இரண்டையும் கொள்கிறேன்.

முட்டையையும் முயலையும் என் பக்கம் இழுத்துக்கொள்ள மாட்டேன். தவக்காலத்தில் முட்டை விலக்காக இருந்தது. கோழிகள் இடுவதை நிறுத்தவில்லை. சேர்ந்த முட்டை விழாவன்று வெளிவந்தது. அது சபை ஒழுங்கில் பிறந்த வழக்கம். ஈஸ்டர் முயலின் முதல் தெளிவான பதிவு 1682-இல் ஃபிராங்க் ஃபொன் ஃபிராங்கனாவ் என்ற மருத்துவர் எழுதியது. முயலை ஓஸ்தாராவோடு சேர்த்தது 1874-இல் ஹோல்ட்ஸ்மன் செய்த ஊகம். பீட் ஒரு முயலையும் குறிப்பிடவில்லை. பழமை வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் பழஞ்சமயத்துக்குக் கொடுப்பவர்கள்தான் ஹிஸ்லாப் போன்றவர்களுக்கு வழி திறந்துவிடுகிறார்கள்.

விழா கிறிஸ்தவ விழா, உயிர்ப்பைக் கொண்டாடுவது. அதன் ஆங்கிலப் பெயர் கிறிஸ்தவத்துக்கு முந்தியது. இரண்டும் உண்மை, ஒன்றால் மற்றொன்றுக்கு இழுக்கு இல்லை. விடியலில் கல்லறை வெறுமையாக இருந்தது என்று நற்செய்தி கேட்ட மக்கள் விடியல் தெய்வத்தின் மாதப் பெயரையே அந்த விழாவுக்கு வைத்துக்கொண்டார்கள். அவள் பூசை போயிற்று. பெயரும் நீர் மொள்ளும் வேளையும் நின்றன. ஜாரோவில் பீட் எழுதிவைத்த எயோஸ்த்ரேயும் வேதத்தில் வசிட்டர் பாடிய உஷஸும் ஒரே குடியில் பிறந்தவர்கள். இஷ்டார் அந்தக் குடும்பத்தவள் அல்லள். இதுவே என் முடிபு.